இல்லாத ஒன்பதாவது ஊசி

அந்த வருடம் விஜயதசமி புரட்டாசிச் சனிக்கிழமையில் வந்தது. தாடிக்கொம்பு பெருமாளைப் பார்க்கப் போகும் கூட்டம் திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் ஏற இடமில்லாமல் நின்றதைப் பார்த்துவிட்டுத்தான் அன்று அக்காவின் கடைக்கு நடந்தேன். அடுத்த வருடம் ஆயுத பூஜை ஐப்பசிக்குத் தள்ளிப்போய்விட்டது. ஆகவே இது நடந்தது 2000-இல்தான். அக்கா இன்றைக்கும் 2001 என்கிறாள். அவளோடு வாதாடுவதில்லை. எழுதும்போது மட்டும் சரியாக எழுதிவிடுகிறேன்.

பழனி சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில் அக்கா கடை வைத்திருந்தாள். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, தீபாவளித் தள்ளுபடி நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி என்று எதுவானாலும் கணினியில் எழுத்து அமைத்துத் தாளில் எடுத்து அச்சகத்துக்கு அனுப்புவது தொழில். கணினி ஒன்றே ஒன்று. அதில் உட்கார்ந்து வேலை செய்தது வடமதுரையிலிருந்து தினமும் பேருந்தில் வந்துபோன ஒரு பெண். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதிருக்கும். தட்டச்சில் ஹயர் முடித்தவள். அக்கா வாசகம் சொல்லச் சொல்லத் திரையைப் பார்த்தபடியே அடித்துவிடுவாள். அவளுடைய பெரிய திறமை அதுவல்ல. பத்திரிகை வாசகத்தை ஒருமுறை படித்தால் அதில் எது இல்லை என்று சொல்லிவிடுவாள். “பொண்ணுக்குத் தாய்மாமன் பேரு வரலயேண்ணே, கேட்டுட்டு வாங்க” என்று வந்தவர்களைத் திருப்பி அனுப்புவாள். அவர்கள் வீட்டுக்குப் போய்க் கேட்டுவிட்டு, முகம் வெளுத்துத் திரும்பி வருவார்கள். தாய்மாமன் பெயர் விட்டுப்போன பத்திரிகை ஊருக்குள் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அவள் வேலைக்கு வருவது அவளுடைய அண்ணனுக்குப் பிடிக்கவில்லை. அப்பா இல்லாத வீட்டில் அண்ணன் சொல்வதுதான் முடிவு. வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏதாவது ஒரு காரணம் கிடைத்தால் நிறுத்திவிடலாம் என்று அவர் காத்திருப்பது எங்களுக்கும் தெரியும். அவளே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறாள். “பஸ்ஸு லேட்டானாக்கூட கம்ப்யூட்டரத்தான் திட்டுதுக்கா எங்கண்ணன்.”

ஆயுத பூஜையன்று கடையைக் கழுவி, எல்லாவற்றையும் துடைத்தார்கள். கணினியின் ஒயர்களை எல்லாம் அந்தப் பெண்தான் கழற்றினாள். தூசி தட்டி, துணியால் துடைத்து வரிசையாக வைத்தாள். அக்கா சந்தனத்தைக் குழைத்துக்கொண்டு வந்து பொட்டு வைத்தாள். அக்காவின் பக்தியில் ஒரு ஒழுங்கு உண்டு. எதையும் விட்டுவிடக் கூடாது. கத்தரிக்கோலுக்குப் பொட்டு, ஸ்டேப்ளருக்குப் பொட்டு, சுவர்க் கடிகாரத்துக்குப் பொட்டு, மின்விசிறியின் சுவிட்சுக்கும் பொட்டு. அன்றைக்கு எந்தக் கருவியையும் இயக்கக் கூடாது என்பதால் ஒயர்களை மாட்டாமலே பொரி கடலை, சுண்டல் சாப்பிட்டுவிட்டுக் கதவை அடைத்தார்கள்.

மறுநாள் விஜயதசமி. பேருக்காவது ஒரு வேலையைத் தொடங்கிவிட வேண்டும். நான் போய்ச் சேர்ந்தபோது அந்தப் பெண் ஒயர்களை மாட்டி முடித்து, மானிட்டர் ஒயரின் இரண்டு பக்கத் திருகாணிகளையும் இறுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு ஜவுளிக்கடை நோட்டீஸுக்காக இரண்டு பேர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். கணினியைப் போட்டதும் திரை மஞ்சளாக வந்தது.

வெள்ளையாக இருக்க வேண்டியதெல்லாம் மஞ்சள். சாம்பல் நிறப் பொத்தான்கள் காய்ந்த வேப்பிலை நிறம். மேலே நீலமாக ஓடும் தலைப்புப் பட்டை கறுத்துக் கிடந்தது. அணைத்துப் போட்டாலும் அதே மஞ்சள்.

பக்கத்துக் கடை கேபிள் டிவிக்காரருடையது. அக்காவின் குரல் உயர்ந்தால் முதல் ஆளாக எட்டிப் பார்ப்பவர்.

“என்னக்கா, மானிட்டரு பெரிய மனுசியாயிருச்சா? மஞ்சத்தண்ணி ஊத்திட்டீகளா?”

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. “வாயப் பேசாம வந்து பாருங்க” என்றாள்.

அவர் திருகாணிகளைக் கழற்றி, மானிட்டர் ஒயரின் முனையை வெளிச்சத்தில் பிடித்தார். அகலமான பக்கமும் ஒடுங்கிய பக்கமும் கொண்ட தகரக் கூட்டுக்குள் மூன்று வரிசையாக நுண்ணிய ஊசிகள் நிற்கும். வரிசைக்கு ஐந்து. கடைக்காரர்கள் அதைப் பின் என்பார்கள்.

“நம்ம டிவி வயரு கணக்கா இல்லக்கா இது. டிவில மஞ்ச வயரு ஒன்னுலயே எல்லாக் கலரும் கட்டுச்சோறாப் போயிரும். இதுல செவப்புக்கு ஒரு பின்னு, பச்சைக்கு ஒன்னு, நீலத்துக்கு ஒன்னு. செவப்பும் பச்சையும் மட்டும் வந்தா மஞ்சத்தான் தெரியும். நீலம் வரல. ஏன் வரல? இந்தா, நடு வரிசையைப் பாருங்க. நாலுதேன் இருக்கு. ஒரு பின்னு ஒடிஞ்சுபோச்சு.”

நானும் பார்த்தேன். அவர் சொன்னதில் குற்றமே காண முடியவில்லை. நீலம் இல்லை, ஊசியும் ஒன்று இல்லை. இரண்டையும் சேர்த்தால் கணக்கு முடிந்துவிடுகிறது. அந்த மானிட்டரில் ஒயர் தனியாகக் கழன்று வராது. பெட்டிக்குள்ளிருந்தே வருவது. மாற்றுவதானால் பெட்டியைப் பிரிக்க வேண்டும்.

அக்கா அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினாள்.

“நேத்து நல்லாத்தான இருந்துச்சு? திருகாணியக் கழட்டாம வெடுக்குனு இழுத்துருப்ப.”

“இல்லக்கா. கழட்டித்தான் எடுத்தேன்.”

“அப்பப் பின்னு தானா ஒடிஞ்சு விழுந்துச்சா? நீதான தொட்ட, வேற யாரு தொட்டா?”

“நான் ஒடைக்கலக்கா.”

“அம்புட்டுப் பேரு முன்னாடியும் பொய் சொல்லாத.”

அந்தப் பெண் ஒயரைத் திரும்ப மாட்டிவிட்டுக் கணினி முன்னால் உட்கார்ந்தாள். ஜவுளிக்கடை நோட்டீஸை மஞ்சள் திரையிலேயே அடித்து முடித்தாள். கறுப்பு மையில்தான் தாள் எடுப்பது என்பதால் வேலைக்குத் தடையில்லை. அடித்ததைப் படித்துப் பார்த்துவிட்டு, “கடை அட்ரஸ் இருக்கு, போன் நம்பர் இல்லண்ணே” என்று பெஞ்சில் இருந்தவரிடம் சொன்னாள். எண்ணைச் சேர்த்தாள். பிறகு சாப்பாட்டு டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். மத்தியானம்கூட ஆகவில்லை.

திங்கட்கிழமை அவள் வரவில்லை. அதற்கடுத்த நாள் வடமதுரையில் ஒரு தொலைபேசிக் கடையிலிருந்து பேசினாள். “அண்ணன் இனிமே போக வேண்டாங்குதுக்கா. பொருள ஒடச்சவன்னு பேரு வாங்குன எடத்துக்கு எதுக்குப் போறேன்னு கேக்குது. எனக்கும் என்ன சொல்றதுன்னு தெரியல.” அவ்வளவுதான். அக்கா ரிசீவரை வைத்துவிட்டு, “அவளா போறா. நான் போகச் சொன்னனா?” என்று என்னிடம் கேட்டாள். அன்று முழுவதும் ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருந்தாள். ஒரு காதுகுத்துப் பத்திரிகையில் குழந்தையின் பெயரையே விட்டுவிட்டாள்.

எனக்கு அந்தப் பெண் பொய் சொல்பவளாகத் தோன்றவில்லை. ஆனால் தோன்றுவது சான்று ஆகாது. பழைய ஏடுகளையும் கல்வெட்டுப் படிகளையும் பற்றிப் படிக்கிற பழக்கம் எனக்கு உண்டு. ஒரு பிரதியில் ஒரு சொல் இல்லை என்றால் எழுதியவன் விட்டுவிட்டான் என்று உடனே முடிவு கட்டிவிடக் கூடாது என்பது அந்தப் படிப்பின் முதல் பாடம். மற்றப் பிரதிகளைப் பார்க்க வேண்டும். எல்லாவற்றிலும் அதே இடம் வெறுமையாக இருந்தால் அது விடுபட்டதில்லை. மூலமே அப்படித்தான். ஆகவே ஊரில் உள்ள மற்ற மானிட்டர்களைப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். கல்வெட்டு எழுத்துக்காக வாங்கிய உருப்பெருக்கிக் கண்ணாடி சட்டைப் பையில் இருந்தது.

முதலில் எங்கள் அலுவலகம். மூலையில் பச்சை எழுத்து மட்டும் தெரியும் ஒரு பழைய கணினி கிடந்தது. அதன் முனையில் இரண்டே வரிசை. மேலே ஐந்து, கீழே நான்கு. அது வேறு பரம்பரை. எழுத்து ஒளிர்வதா அணைவதா என்று உண்டு, இல்லை என்ற சேதியை மட்டும் கடத்துகிற ஒயர் அது என்று பின்னாளில் தெரிந்துகொண்டேன். அக்காவின் மானிட்டரில் உள்ள மூன்று வரிசை முனை அப்படியல்ல. அதில் சிவப்பு என்பது எவ்வளவு சிவப்பு என்ற அளவாகப் போகிறது. குழாயில் தண்ணீர் கூடிக் குறைவதைப் போல மின்சாரம் கூடிக் குறைந்து ஆயிரம் சாயல்களைச் சொல்லிவிடுகிறது. அன்று எனக்கு இதெல்லாம் தெரியாது. இரண்டு வரிசைக்காரனைச் சாட்சிக் கூண்டில் ஏற்ற முடியாது என்பது மட்டும் தெரிந்தது.

அடுத்து பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் புதிதாக வந்திருந்த இன்டர்நெட் மையம். பணம் கட்டி ஒரு கணினியில் உட்கார்ந்து, இணையத்தைத் திறக்காமல் மேசைக்கு அடியில் புகுந்து ஒயரைக் கழற்றினேன். கண்ணாடி வைத்துப் பார்த்தேன். பதினைந்தும் இருந்தன.

மனம் விழுந்துவிட்டது. மேசைக்கு அடியிலிருந்து வெளியே வந்தபோது மையத்தை நடத்தியவர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார்.

“சார், மேல உக்காந்து பாக்குறதுக்குத்தான் சார் காசு.”

அன்றோடு விட்டிருப்பேன். ஆனால் ஒரே ஒரு பிரதியை வைத்து ஒருத்திக்கு எதிராகத் தீர்ப்பு எழுதுவதும், இன்னொரு பிரதியை வைத்து அவளை விடுவிப்பதும் ஒரே தவறுதான். அந்த வாரமே அலுவலக வேலையாக ஒட்டன்சத்திரம் போக வேண்டியிருந்தது. காய்கறிச் சந்தையில் எனக்குப் பழக்கமான ஒரு கமிஷன் மண்டி உண்டு. கேரளாவுக்குப் போகும் லாரிகளுக்குக் கணினியில் பில் போடத் தொடங்கியிருந்தார்கள். தக்காளிக் கூடைகளுக்கு நடுவில், புழுதி படிந்த மானிட்டர். ஒரு நிமிடம் ஒயரைக் கழற்றிப் பார்க்கலாமா என்று கேட்டேன். மண்டிக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஏனுங்க, எதுக்குங்க அதைப் புடுங்கோணும்? லோடு நிக்குதுங்க.”

“ஒண்ணுமில்லீங்க. உள்ள எத்தனை ஊசி இருக்குனு பாக்கணும்.”

“ஊசியை எண்றதுக்குத் திண்டுக்கல்லுலருந்து வந்தீங்களாக்கும்?” என்று சிரித்தார். ஆனாலும் லாரி கிளம்பியதும் கணினியை அணைத்து, அவரே முனையைக் கழற்றிக் கொடுத்தார்.

நடு வரிசையில் நான்கு. அதே இடம் வெறுமை. அக்காவின் ஒயரில் எந்த இடமோ, அதே இடம். கண்ணாடி வைத்துப் பார்த்தபோது ஒவ்வோர் ஊசியின் அடியிலும் எறும்புத் தலை அளவில் எண் பொறித்திருந்தது தெரிந்தது. எட்டு இருந்தது, பத்து இருந்தது. ஒன்பது இல்லை. ஒன்பது இருக்க வேண்டிய இடத்தில் பிளாஸ்டிக் வழுவழுவென்று மூடியிருந்தது. ஊசி முறிந்திருந்தால் அடிக்கட்டை மினுங்க வேண்டும். மினுங்கவில்லை.

“ஏனுங்க, எங்குளுதும் ஒடைஞ்சிருக்குதுங்களா?” என்று மண்டிக்காரர் கவலையோடு கேட்டார்.

“இல்லீங்க. அப்படியே செஞ்சிருக்காங்க.”

சொல்லும்போதே எனக்கு அது உறைத்தது. திண்டுக்கல் திரும்பியதும் கடைவீதியில் ஒரு புகைப்பட ஸ்டுடியோவிலும் கேட்டுப் பார்த்தேன். அங்கும் பதினான்குதான். ஆக, ஒன்பது இல்லாத வம்சம் ஒன்று, ஒன்பது சேர்ந்த வம்சம் ஒன்று. பல ஆண்டுகள் கழித்துப் படித்தபோது காரணம் தெரிந்தது. முதலில் அந்த இடத்தை வேண்டுமென்றே காலியாக விட்டிருக்கிறார்கள். எதிர்ப்புறத் துளையையும் அடைத்துவிட்டால், பொருந்தாத ஒயரை யாரும் தவறாகச் செருக முடியாது. பிறகு வந்தவர்கள், மானிட்டரிடம் நீ எந்த வகை என்று கணினி கேட்டுத் தெரிந்துகொள்வதற்கு வேண்டிய மின்சாரத்தை அந்த வழியாக அனுப்பத் தொடங்கினார்கள். நிறத்துக்கும் ஒன்பதுக்கும் எந்தக் காலத்திலும் சம்பந்தமில்லை. கேபிள்காரர் சொன்ன இரண்டு உண்மைகளும் உண்மைகளே. அவற்றைச் சேர்த்த முடிச்சுத்தான் பொய்.

நேராகக் கடைக்குப் போனேன். கணினியின் மின்சார ஒயரையும் மானிட்டர் ஒயரையும் கழற்றிவிட்டு, கணினிப் பெட்டியைத் திருப்பி, மானிட்டர் ஒயர் செருகும் துளைகளைக் கண்ணாடியால் பார்த்தேன். அங்கும் நடு வரிசையில் ஒன்பதாவது இடத்தில் துளை இல்லை. அடைத்தே வந்திருக்கிறது. அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“அக்கா, இந்த எடத்துல ஓட்டையே இல்ல. பின்னு இருந்திருந்தா ஒயர் உள்ளயே போயிருக்காது.”

அக்கா கண்ணாடியை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். “அப்ப நீலம் எங்கடா போச்சு?” என்றாள்.

அக்காதான் கண்டுபிடித்தாள். கண்ணாடியை எடுக்காமலே, “இது என்னது, மேல நடுவுல?” என்றாள்.

அந்த முனையின் அமைப்பைச் சொன்னால்தான் புரியும். அகன்ற பக்கம் மேலே, ஒடுங்கிய பக்கம் கீழே. திருகாணி இரண்டும் இரண்டு காதுகள். சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் ஒரு முகம் போலத்தான் இருக்கும். அகன்ற மேல் வரிசையில் ஐந்து துளைகள். ஒன்றாவது சிவப்பு, இரண்டாவது பச்சை, மூன்றாவது நீலம். மூன்றாவதுதான் நடு. நெற்றியில் பொட்டு வைக்கும் இடம். அந்தத் துளை சந்தனத்தால் அடைந்து, காய்ந்து கிடந்தது. ஓரத்தில் குங்குமத்தின் ஒரு துணுக்கு.

ஆயுத பூஜையன்று கணினிப் பெட்டியின் பின்பக்கம்தான் வெளியே பார்த்து இருந்தது. எதையும் விட்டுவிடக் கூடாது என்று அக்கா அதற்கும் ஒரு பொட்டு வைத்திருக்கிறாள். சரியாக நடு நெற்றியில்.

அக்கா தையல் ஊசியை எடுத்து வந்து, தாள் எடுக்கும் மேசைமேல் இருந்த ஸ்பிரிட்டில் நனைத்து, சந்தனத்தைத் துளித்துளியாகச் சுரண்டினாள். பல்லில் சிக்கியதை எடுப்பதுபோல அவ்வளவு மெதுவாக. ஒயரின் மூன்றாவது ஊசியையும் துடைத்தாள். காய விட்டு, மாட்டி, போட்டோம். திரை வெள்ளையாக வந்தது. மேலே நீலப் பட்டை ஓடியது.

“சரியாயிருச்சு” என்றேன்.

“எது சரியாச்சு?” என்றாள் அக்கா.

ஞாயிற்றுக்கிழமை திருச்சி சாலைப் பேருந்தில் இருவரும் வடமதுரை போனோம். வழியெல்லாம் அக்கா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். நான் கணினியிலிருந்து அந்த முனை இருக்கும் அட்டையைக் கழற்றி, கைக்குட்டையில் சுற்றி எடுத்து வந்திருந்தேன். சான்று இல்லாமல் பேசி எனக்குப் பழக்கமில்லை.

அண்ணன் வாசலில் மோட்டார் பம்பின் வாஷரை மாற்றிக்கொண்டிருந்தார். “வாங்க” என்றார், எழுந்திருக்காமல். நான் கைக்குட்டையைப் பிரித்து ஒன்பதாவது இடத்தைக் காட்டி, இரண்டு வம்சங்களையும் விளக்கத் தொடங்கினேன். அவர் மரியாதைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். அக்கா குறுக்கே வந்தாள்.

“ஏலே, செத்த நேரம் சும்மா இரு.” அண்ணனைப் பார்த்துச் சொன்னாள்: “உங்க தங்கச்சி எதையும் ஒடைக்கல. சந்தனத்த அப்பி அடைச்சது நான். பழிய அவ மேல போட்டதும் நான்.”

அண்ணனின் கையில் வாஷர் அப்படியே இருந்தது. “சரி, விடுங்க” என்றார். பிறகு உள்ளே பார்த்து, “காப்பி போடு” என்றார்.

காப்பியோடு வந்தது அந்தப் பெண்தான். எல்லாவற்றையும் உள்ளிருந்து கேட்டிருக்கிறாள். தம்ளரை அக்காவிடம் கொடுத்துவிட்டு நின்றாள்.

“நாளைக்கு வர்றியா?” என்றாள் அக்கா.

“இங்க சொல்லிட்டீங்கக்கா. சந்தோசம். ஆனா அங்க அம்புட்டுப் பேரு முன்னாடில்ல சொன்னீங்க?”

அண்ணன், “ஏ, சும்மா இரு” என்று அதட்டினார். அக்கா கையைக் காட்டி அவரை நிறுத்தினாள். காப்பியைக் குடித்து முடித்துவிட்டு, “வா. அங்கயும் சொல்றேன்” என்றாள்.

“போயிட்டு வரட்டுமாண்ணே?” என்று அந்தப் பெண் கேட்டாள். அண்ணன் வாஷரைத் திரும்பவும் பொருத்தத் தொடங்கினார். “மத்தியானச் சோத்தக் கட்டிட்டுப் போ. கடைல வாங்கித் தின்னாத” என்றார். அதுதான் சம்மதம்.

திங்கட்கிழமை காலை நான் அலுவலகத்துக்குத் தாமதமாகப் போனேன். அன்றும் பெஞ்சில் யாரோ இருந்தார்கள், வேறு ஆட்கள். அக்கா வாசலுக்குப் போய்க் கேபிள்காரரைக் கூப்பிட்டாள். அவர் வந்ததும், கடைக்கு நடுவில் நின்று, பத்திரிகை வாசகம் சொல்லும் அதே குரலில் சொன்னாள்.

“அன்னைக்கு மானிட்டர ஒடச்சதா இவளச் சொன்னேன்ல? இவ ஒடைக்கல. பின்னு அதுல மொதல்லருந்தே கெடையாது. நான் வச்ச சந்தனந்தான் அடைச்சிருச்சு. நான் சொன்னது தப்பு.”

பெஞ்சில் இருந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. கேபிள்காரர் தலையைச் சொறிந்தார்.

“அப்ப பாவத்துல பாதி எனக்கும்லக்கா. ஒடஞ்சுபோச்சுன்னு தீர்ப்புச் சொன்னது நாந்தான?”

“பாதி இல்ல, முக்காவாசி” என்றாள் அந்தப் பெண். சனிக்கிழமை காலைக்குப் பிறகு அந்தக் கடையில் அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான். அவர் சிரித்தபடி போனார்.

அட்டையை நான் ஏற்கெனவே திரும்பப் பொருத்தியிருந்தேன். மானிட்டர் ஒயரை மட்டும் அவள்தான் மாட்டுவேன் என்றாள். குனிந்து, துளைகளை ஒருமுறை பார்த்து, முனையைச் செருகி, வலப்பக்கத் திருகாணியை இறுக்கினாள். இடப்பக்கத்தையும் இறுக்கினாள். நிமிர்ந்து, கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

“அக்கா, அடுத்த வருசம் பொட்டு நான் வைக்கிறேன்.”

“ஏன், எனக்கு வைக்கத் தெரியாதா?”

“தெரியும். முன்பக்கம் மட்டும் வைக்கலாம்.”

அடுத்த வருடம் ஆயுத பூஜை ஐப்பசியில் வந்தது. பொட்டு வைத்தது அவள்தான். அக்கா சந்தனக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு அவள் பின்னாலேயே நின்றாள். இரண்டு வருடங்களும் அக்காவுக்கு ஒன்றாகிப்போனதற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும். அவளைப் பொறுத்தவரை அந்த விவகாரம் முடிந்தது அன்றைக்குத்தான்.